அளவெடுத்துத் தைத்த மொழி

எனக்குச் செக் மொழி தெரியும். நாற்பது மணி நேரம் படித்திருக்கிறேன், கம்பெனி செலவில். சான்றிதழ்கூட இருக்கிறது. மனைவி அதை லேமினேட் செய்து ஃப்ரிட்ஜுக்கு மேலே நிறுத்தி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள். அந்த நேரம் பார்த்து எனக்கு பால்கனியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஓசூர் சிப்காட்டில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. கார் பிரேக்குக்குள்ளே போகிற சின்னச் சின்ன வளையங்கள். நான் புரொடக்ஷன் இன்ஜினியர். செக் நாட்டில் ஒரு சிற்றூரில் எங்கள் முதலாளிகள் பழைய ஆலை ஒன்றை வாங்கினார்கள். அங்கே ரப்பரை அச்சில் அழுத்தி வளையமாக்கும் பதினோரு மெஷின்கள். அவற்றில் நான்கு, ஏழு, ஒன்பது ஆகிய மூன்று நம்பர்களை ஓசூருக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. அந்த மூன்றையும் ஓட்டுகிறவர்களிடம் ஐந்து வாரத்தில் வேலையைக் கற்றுக்கொண்டு வர வேண்டியது என் பொறுப்பு.

ஒரே ஒரு நிபந்தனை. மெஷின் போகப்போகிறது என்பது அந்தத் தொழிலாளிகளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடுவார்கள், கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. "யார் கேட்டாலும் நீங்க சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கீங்க, அவ்ளோதான். ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா உங்க மேனேஜர் புரொமோஷன மறந்துடுங்க" என்றார் எங்கள் ஹெச்.ஆர். மேடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எதையுமே சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அப்புறம் அந்தப் பயிற்சி. 'வெளிநாட்டில் பணிபுரியும் நேரமில்லாத நிபுணர்களுக்கு, அவரவர் தேவைக்கு அளவெடுத்துத் தைத்த மொழிப் பயிற்சி' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. பெங்களூரிலிருந்து அனிதா என்ற ஆசிரியை போனில் வகுப்பு எடுத்தார். பிராக் நகரத்தில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். அளவு எடுப்பதற்காக ஒரு படிவம் அனுப்பினார். அது எனக்கு வரவில்லை, ஹெச்.ஆருக்குப் போனது. சட்டை போடப்போகிறவன் நான், அளவு கொடுத்தது அவர்கள். குடும்பம், கடைத்தெரு, வழி கேட்பது, உடம்பு சரியில்லை என்று சொல்வது, துக்கம் விசாரிப்பது, எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தார்கள். "அஞ்சு வாரத்துல திரும்பி வரப்போறவருக்கு துக்கம் எதுக்கு?" என்று கேட்டார்களாம். மெஷின், பாதுகாப்பு, மீட்டிங், இந்த மூன்றும் போதுமாம். கூடவே ஒரு வாக்கியத்தைத் தனியாகச் சேர்க்கச் சொன்னார்கள். 'எனக்குத் தெரியாது, மேலாளரைக் கேளுங்கள்.' வாரா வாரம் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

என் வீடு காவேரிப்பட்டினத்தில். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால்தான் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். அந்த பஸ்தான் என் பள்ளிக்கூடம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து குறட்டை விட, நான் 'வால்வைத் திறக்கவும், வால்வை மூடவும்' என்று முணுமுணுத்துக்கொண்டு வருவேன். சூளகிரி மலை ஓரம் வந்தால் சிக்னல் போய்விடும். திரும்பக் கிடைக்கும்போது அனிதா மேடம், "புரிஞ்சுதா சார்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். புரிந்தது என்பேன். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு துண்டை சூளகிரி மலை விழுங்கியிருக்கிறது.

என்னோடு வந்தவன் முனிராஜ். ஃபிட்டர், வேப்பனப்பள்ளிக்காரன். வீட்டில் தெலுங்கு, பெண்டாட்டி வீட்டாரோடு கன்னடம், வேலையில் தமிழ். அவனுக்குப் பயிற்சி இல்லை. பயிற்சி ஸ்டாஃப் கிரேடுக்கு மட்டும்தானாம். "பரவால்ல சார், நான் பாத்துக்கறேன்" என்றான். கம்பெனி காசு மிச்சம் பிடித்த இடம் அது.

முதல் நாள். ஓசூரைக் குளிருக்காக லிட்டில் இங்கிலாந்து என்று பீற்றிக்கொள்கிறவர்கள் யாராக இருந்தாலும் அந்த ஊரில் ஒரு அக்டோபர் காலையில் பேருந்துக்கு நிற்க வேண்டும். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஊர் சுத்தமாக இருந்தது. சாலையோர மரங்கள் மஞ்சளாகி இலை கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஹார்ன் சத்தம் கிடையாது. டோல்கேட் ஹார்ன் சத்தத்தில் பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அந்த அமைதியே ஒரு மாதிரி பயமாக இருந்தது.

உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். லிப்டில் முன்பின் தெரியாதவர் வணக்கம் சொல்கிறார், இறங்கும்போது போய் வருகிறேன் என்கிறார். கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர், நன்றாகச் சாப்பிடுங்கள் என்கிறார். நம் சிப்காட் கேன்டீனில் பக்கத்தில் இருப்பவன் செத்தே போனாலும் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டோம். அவர் அப்படிச் சொன்னதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குப் பாடம் இல்லை. என்னிடம் 'நன்றி' இருந்த ஒரே வாக்கியம் 'நன்றி, வேலை முடிந்தது' என்பது. அதைச் சொன்னேன். அவர் என் தட்டைப் பார்த்தார். தட்டு நிறையச் சோறு இருந்தது.

சோறு என்றால் நம் சோறு இல்லை. மாவை உருட்டி வேகவைத்துத் துண்டு போட்டு, மேலே மாட்டிறைச்சியும் கிரீம் குழம்பும் ஊற்றி, அதன் தலையில் ஒரு கரண்டி ஜாமும் வைத்துக் கொடுக்கிறார்கள். ஜாம்! நான் முகத்தைச் சுளித்தேன். முனிராஜ் அதற்குள் சமையல்கட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "சார், நம்ம களிதான் சார் இது! வெள்ளக் களி. நூலக் கட்டி அறுக்கறாங்க சார், கத்தியே வெக்கறதில்ல." மறுநாள் அவன் கொண்டுவந்திருந்த ராகி மாவில் களி கிண்டி எடுத்துப்போய் சமையல்காரம்மாவுக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் தட்டில் மட்டும் இறைச்சி ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது.

மூன்றாம் நாள், முனிராஜ் இல்லாமல் தனியாக வந்தபோது, பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். அந்த ஊரில் நிறுத்தம் வந்தால் பஸ் தானாக நிற்காது, நாம் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு அது தெரியாது, முதல் இரண்டு நாளும் வேறு யாரோ அழுத்தியிருக்கிறார்கள். என் நிறுத்தம் கண்ணெதிரே கடந்து போனது. அடுத்ததும் போனது. வீடுகள் முடிந்து காடு தொடங்கிவிட்டது. பஸ்ஸில் நானும், கூடை நிறையக் காளான் பறித்து வந்த ஒரு கிழவரும்தான். வழி கேட்கும் பாடம் இல்லை, நிறுத்துங்கள் என்று சொல்லும் பாடமும் இல்லை. வேறு வழியில்லாமல் டிரைவரிடம் போய்ப் பாதுகாப்புப் பாடத்திலிருந்து ஒன்றை எடுத்து விட்டேன். "அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே உள்ளது?"

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிழவரும் சிரித்தார். பஸ் நின்றது. இறங்கி ஒரு மணி நேரம் நடந்தேன், வழி நெடுக ஹெச்.ஆரைத் திட்டிக்கொண்டு.

யார்மிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், குட்டையாக வெட்டிய நரைத்த முடி, எப்போதும் நீல ஏப்ரன். பத்தொன்பது வருடமாக அதே மெஷின். அச்சு மூடுகிற சத்தத்தை வைத்தே ரப்பர் சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். வெளியே மழை பெய்தால் ரப்பர் அச்சில் ஒட்டிக்கொள்ளும், அன்றைக்குச் சூட்டை இரண்டு டிகிரி குறைக்க வேண்டும். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. என்னை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய் மழையைக் காட்டினார், திரும்ப இழுத்து வந்து டயலைக் காட்டினார், இரண்டு விரலைக் காட்டினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் எழுதி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, சரியாக எழுதியிருக்கிறேனா என்று எட்டியும் பார்த்தார். என் தமிழ் எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார், என்ன புரிந்ததோ.

முனிராஜ் ஒரே வாரத்தில் அந்த ஆலைக்காரன் ஆகிவிட்டான். பிடிப்பது கிடையாது, ஆனாலும் சிகரெட் பிடிக்கும் கொட்டகைக்கு எல்லோரோடும் போவான். எதையாவது காட்டி 'இது?' என்பான், அவர்கள் சொல்வார்கள், இவன் திருப்பிச் சொல்வான், ஒரே சிரிப்பு. யாருக்கு எத்தனை பிள்ளை, யாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சான்றிதழ் வைத்திருந்த நான் ஓரமாக நின்று டிகிரிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வாரம், புதன்கிழமை. இடைவேளையில் யார்மிலா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு அட்டைத் துண்டும் பென்சிலும். ஒரு பக்கம் ஒரு கட்டடம் வரைந்தார், அதற்குள் குழந்தைகள், ஒரு பெரிய பானை. பள்ளிக்கூடச் சமையல்கட்டு. அங்கே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அட்டையின் மறுபக்கம் பெரிதாக ஏழு என்று எழுதினார். பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று சின்னச் சின்ன வார்த்தைகளாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எனக்கு ஏழுதான் பிடிக்கும். சம்பளமும் நல்ல சம்பளம். ஆனால் ஏழு போய்விட்டால், இந்த வயதில் என்னை யார் கூப்பிடுவார்கள்? மேலாளர் உண்மை சொல்ல மாட்டார். நீ எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறாய். உனக்குத் தெரியும். ஏழு இருக்குமா, போகுமா?"

அத்தனையும் எனக்குப் புரிந்தது. அன்று புரியவில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

புரொமோஷன் நினைவுக்கு வந்தது. ஹெச்.ஆர். மேடத்தின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. வாய் தானாகத் திறந்தது. சூளகிரி மலை விழுங்காத ஒரே வாக்கியம், வாரா வாரம் சொல்லிக் காட்டிய வாக்கியம், தங்குதடையில்லாமல் வந்தது.

"எனக்குத் தெரியாது, மேலாளரைக் கேளுங்கள்."

யார்மிலா புன்னகைத்தார். "உன் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது" என்றார். அட்டையை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனார்.

அறைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். நான் என்ன செய்வது? அவர்கள் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். மனுஷனோடு மனுஷன் பேசுகிற பாடத்தை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வால்வைத் திற, வால்வை மூடு என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினால் வேறு என்ன பேசுவது? இன்னும் பத்து மணி நேரம் கூடப் படித்திருந்தால் ஏதாவது நாசூக்காகச் சொல்லியிருக்க மாட்டேனா? அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை யார்மிலா பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். முனிராஜ்தான் வந்து சொன்னான். "அந்தம்மா இங்கியே இருக்கறாங்களாம் சார். நீங்க ஒண்ணியும் சொல்லலியாம், போற மாதிரி இருந்தா சொல்லிருப்பீங்களாம். நல்ல மனுசன்னு சொல்றாங்க." சொல்லிவிட்டு முனிராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் பூட்ஸைப் பார்த்தான். அவனுக்கும் மூன்று மெஷின் விஷயம் தெரியும். அவனையும் வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

ஓசூரில் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லேத்திலிருந்து லாரி வரை பொட்டு, வாழைக்கன்று, சாலை முழுக்கப் பூசணிக்காய். எந்தக் கம்பெனியானாலும் அன்று மெஷினைக் கழுவிப் பொட்டு வைக்காமல் விட மாட்டார்கள். முனிராஜ் குங்குமமும் விபூதியும் மலைக்கோயிலில் வைத்து வாங்கிக் கொண்டுவந்திருந்தான். "சார், நம்மூருக்கு வரப்போற மெஷினு. பூச போடாம எப்பிடி சார் வுடறது? அப்பறம் அங்க வந்து கை கால வாங்கிச்சுன்னா?" எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆலையின் சூப்பர்வைசரிடம் எங்கள் ஊர் வழக்கம், மெஷினுக்கு மரியாதை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ரொம்ப அழகான வழக்கம் என்று அனுமதி கொடுத்தார். நெருப்பு மட்டும் கூடாது, அலாரம் அடித்துவிடும்.

பூ வேண்டுமே. இடுகாட்டை ஒட்டி ஒரு பூக்கடை இருந்தது. வாளி வாளியாகச் சாமந்தி, ராயக்கோட்டைத் தோட்டத்திலிருந்து நேரே வந்தது போல மஞ்சள் மஞ்சேலென்று. முனிராஜுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "தேவுடா, சாமந்தி சார்!" கடைக்காரப் பெண் யாருக்கு என்பது போல ஏதோ கேட்டாள். முனிராஜ் மூன்று விரலைக் காட்டினான். அவள் முகம் மாறிப்போனது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னவோ சொன்னாள். முனிராஜ் அவளைத் திருதிருவென்று பார்த்தான். எனக்கும் புரியவில்லை. துக்கம் விசாரிக்கும் பாடத்தைத்தான் வெட்டிவிட்டார்களே. அந்த நாட்டில் சாமந்தி கல்லறைக்கு வைக்கிற பூ என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு முனிராஜ் வேலையை ஆரம்பித்தான். நான்கு, ஏழு, ஒன்பது. மூன்றையும் துடைத்து, பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, காலடியில் சாமந்தி வைத்தான். மீதிக் குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "மத்த எட்டுக்கும் வெச்சுடட்டுமா சார்?"

இந்த இடத்தில் பழியை யார் மேல் போடுவது என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். ஹெச்.ஆர். மேல் போட முடியவில்லை. அனிதா மேடம் மேல் போட முடியவில்லை. முனிராஜ் கேட்டான். பதில் சொன்னது நான்.

"அதெல்லாம் இவங்களோடதுப்பா. நம்முளுக்கு எதுக்கு? நம்ம மூணுக்கு வெச்சாச்சில்ல, போதும் வா."

நெற்றியில் நானும் கொஞ்சம் இட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் உள்ளே போனபோது மெஷின் எதுவும் ஓடவில்லை. எல்லோரும் நடுவழியில் நின்றிருந்தார்கள். உடை மாற்றும் அறையில் ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு மெஷின். எட்டு வெறுமனே நின்றன. மூன்றின் காலடியில் கல்லறைப் பூ.

இரண்டாம் நம்பரை ஓட்டுகிற ஆள் தன் மெஷினைப் பார்த்துவிட்டு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர் தப்பித்துவிட்டார். உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யார்மிலா வரிசையாக நடந்து போனார். நான்கின் முன்னால் நின்றார். ஒன்பதின் முன்னால் நின்றார். கடைசியில் ஏழுக்கு வந்து குங்குமத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பூவை அலுங்காமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

சாப்பாட்டு நேரத்தில் முனிராஜ் தன் தட்டை எடுத்துக்கொண்டு யார்மிலா எதிரில் போய் உட்கார்ந்தான். நான் மூன்று மேசை தள்ளி இருந்தேன். அன்றைக்கு யாரும் என்னிடம், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு ரொட்டியை முனிராஜ் பக்கம் நகர்த்தி வைத்தார். அவன் திரும்பி வந்ததும், "என்ன கேட்டாங்க?" என்றேன்.

"முன்னாடியே தெரியுமான்னு கேட்டாங்க சார்."

"நீ என்ன சொன்ன?"

"தெரியும்னேன். எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்னேன்."

"ஏன்டா சொன்ன?"

முனிராஜ் என்னை விநோதமாகப் பார்த்தான். "கேட்டாங்களே சார்" என்றான்.

அன்று மாலை வீடியோ காலில் எனக்கு நல்ல அர்ச்சனை கிடைத்தது. ஹெச்.ஆர். மேடம் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினார். நான்காம் நம்பர் ஓட்டுகிறவர் அந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். ஒன்பதாம் நம்பர்காரர் மருத்துவ விடுப்பு. யார்மிலா மட்டும் போகவில்லை. போக இடம் இல்லை. இருந்தது, நான் கெடுத்தேன்.

மீதி நாட்களும் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதையாவது மறைத்திருக்கலாம், தப்பாகச் சொல்லியிருக்கலாம், எனக்கென்ன தெரியப்போகிறது? அச்சை எப்படித் துடைப்பது, எந்தத் துணியால் துடைப்பது, குளிர்காலத் திங்கட்கிழமையில் முதல் இருபது வளையங்களை ஏன் தூக்கிப் போட வேண்டும், எல்லாவற்றையும் காட்டினார். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். எட்டிப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

கடைசி நாள். முனிராஜுக்கு ஒரு கண்ணாடி ஜாடி நிறைய உலர்ந்த காளான் கொடுத்தார், தானே காட்டில் பறித்ததாம். அவன் அவர் காலைத் தொடப் போனான், அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார், இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது? முந்தின நாள் போனில் தேடி ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். "இனி என்ன செய்யப்போகிறீர்கள்?"

யார்மிலா கையைத் துடைத்துக்கொண்டார். என் கண்ணை நேராகப் பார்த்து, எனக்கு நன்றாகப் புரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எனக்குத் தெரியாது. மேலாளரைக் கேளுங்கள்."

பிப்ரவரியில் மூன்று மெஷினும் ஓசூர் வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரித்தபோது ஏழாம் நம்பர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மூலை முடுக்கெல்லாம் துடைத்து அனுப்பியிருந்தார் யார்மிலா. முனிராஜின் பொட்டை மட்டும் துடைக்கவில்லை. அது அப்படியே இருந்தது. சுற்றி நின்றவர்கள், "பாருய்யா, வெள்ளக்காரங்க நம்ம சாமிக்கு எவ்ளோ மரியாத குடுக்கறாங்க" என்றார்கள். முனிராஜ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

எனக்கு புரொமோஷன் வந்தது. எப்படியும் வந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள், அந்த இடத்துக்கு வேறு ஆளே இல்லையாம்.

போன மாதம் ஹெச்.ஆரிலிருந்து ஒரு படிவம் வந்தது. அடுத்த பேட்ச் இன்ஜினியர்கள் அதே ஆலைக்குப் போகிறார்கள். மீதி எட்டு மெஷின். பயிற்சியில் எதைக் குறைக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று என் கருத்து வேண்டுமாம். ஏற்கெனவே அவர்களாகவே ஒன்று சேர்த்திருந்தார்கள், வெளிநாட்டில் மெஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று. நான் உட்கார்ந்து ஆத்திரத்தோடு எழுதினேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததை எல்லாம் எழுதினேன். மனிதர்கள் கேட்டால் பதில் சொல்ல வழியில்லாத மொழியைச் சொல்லிக்கொடுத்து எங்களை அனுப்பினீர்கள் என்று எழுதினேன். சேர்க்க வேண்டிய வாக்கியம் என்ற இடத்தில், 'மெஷின் ஓசூருக்குப் போகிறது, நீங்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். செக் மொழியில் அதை எப்படிச் சொல்வது என்று கேட்க, ஏழாம் நம்பர் பக்கத்தில் நின்றுகொண்டே அனிதா மேடத்துக்குப் போன் போட்டேன்.

"இது நம்ம பாடத்துல இல்லாமப் போச்சு மேடம்" என்றேன். "இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன்."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இல்லையே சார், எல்லாமே இருக்கே. மெஷின் முதல் பாடம். போகிறதுங்கறது மூணாம் பாடம், கன்வேயர் எங்கே போகிறதுன்னு படிச்சோமே. வேலை ரெண்டாவது பாடம். எடுத்துக்கொள்ளுங்கள்னா, கையுறையை எடுத்துக்கொள்ளுங்கள், ஞாபகம் இருக்கா? நீங்க நல்லாச் சொல்வீங்க. ஓசூர் ஓசூர்தான். புதுசா ஒரு வார்த்தைகூட இல்ல சார். சேத்துச் சொல்லிப் பாருங்க, நான் கேக்கறேன்."

நான் சொன்னேன். ஒரு தடுமாற்றம் இல்லாமல் வந்தது.

"ரொம்பச் சரி சார்" என்றார் அனிதா மேடம். "உச்சரிப்புகூட நல்லா இருக்கு."